ரேட்டிங் கூடிய அணியோடு ஆடும்போது

கோபிப் (கோபிசெட்டிபாளையம்) பசங்க நாலு பேர் ஆன்லைனில் அணியாகச் செஸ் ஆடுகிறோம், எதிரணிக்கு ரேட்டிங் எப்போதும் 200 புள்ளி கூட, தோற்றுக்கொண்டே இருக்கிறோம், கலைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கலைக்காதீங்க. ரேட்டிங் போடும் எலோ கணக்குப்படி 200 வித்தியாசத்தில் ஓர் ஆட்டத்துக்கு (வென்றால் 1, டிரா என்றால் அரை) நீங்கள் எதிர்பார்க்கும் புள்ளியே சுமார் 0.24தான், நாலு பலகையில் ஒரு புள்ளி எடுத்தாலே உங்கள் தரத்துக்கு ஆடியாச்சு. ஆனால் நீங்கள் போட்டிருந்த மூன்றாம் பலகை ஆட்டத்தில் உங்கள் ஆள் டிரா ஆசையில் அவசரமாக ராணிக்கு ராணி வெட்டி மாற்றிவிட்டு, கடைசியில் தன் யானைக்கு எதிரே எதிராளியின் யானையும் சிப்பாயும் மிஞ்சியபோது தோற்றிருக்கிறார், அது பிடிக்க வேண்டிய டிராங்க. இதற்கான தற்காப்பான பிலிடோர் நிலையைப் பழகச் சொல்லுங்கள்: நம் ராஜா எதிராளியின் சிப்பாய்க்கு முன்னால், நம் யானை நம் மூன்றாம் வரிசையில், சிப்பாய் அங்கே வந்ததும் யானையை எதிராளியின் முதல் வரிசைக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக். அப்புறம், 3 நிமிட ஆட்டத்தை விடுங்கள்; 15 நிமிடம், நகர்வுக்கு 10 நொடி கூடுவதையே கேளுங்கள்.