வாசகர் கேள்வி–பதில்: பாட்டு, பரதம், நாடகம் படிக்கக் கொழும்பே போதுமா?

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு அழகியல் பாடங்களைப் பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து விடை எழுதியிருக்கிறோம்.

மகள் கலைப்பிரிவில் கர்நாடக சங்கீதத்தையும் ஒரு பாடமாக எடுத்து நல்ல பெறுபேறு பெற்றிருக்கிறாள். எங்கள் வீடு வெள்ளவத்தையில். கொழும்பிலேயே கலைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருக்க, பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்கிறார் கணவர். என்ன செய்வது?
– ஒரு தாய், வெள்ளவத்தை

வீட்டிலிருந்து போய்வரலாம் என்பது பெரிய வசதிதான். ஆனால் கலைப் படிப்பில் ஊரைப் பார்க்க முன்னர் பார்க்க வேண்டியவை மூன்று: எந்த மரபைப் படிப்பிக்கிறார்கள், எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள், யார் படிப்பிக்கிறார்கள்.

நீங்கள் சொல்வது கொழும்பு 7, அல்பர்ட் கிறசன்டில் உள்ள கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம். பழைய ஆட்கள் இன்னும் ‘ஹேவுட்’ என்றே சொல்வார்கள். களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக இருந்து, 2005 இல் தனிப் பல்கலைக்கழகமானது. அங்கே சங்கீதம் என்றால் பெரும்பாலும் வட இந்திய சங்கீதமும் மேலைத்தேய சங்கீதமும்தான். போதனையும் பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது.

“ராகம் ராகம்தானே, மாறிப் படிக்கலாம்” என்று சிலர் சொல்வார்கள். அவ்வளவு இலகு அல்ல. கர்நாடக மோகனத்துக்கும் வட இந்தியப் பூப் ராகத்துக்கும் சுரங்கள் ஒன்றே. ஆனால் மோகனத்தின் காந்தாரத்தை (‘க’ சுரத்தை) மெல்ல அசைத்துப் பழகிய தொண்டை, பூப்பில் அதை அசையாமல் நிறுத்த வேண்டும்; பஞ்சமத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்கி இறங்கவும் வேண்டும். தாளமும் அப்படித்தான். கையால் ஆதி தாளம் போட்டுப் பாடிய பிள்ளை, தபேலாவின் டேக்காவை, அதாவது தாளத்தைக் காட்டும் அடிப்படை வாசிப்பைக் கேட்டு, சமம் (தாளச் சுற்றின் முதல் அடி) எங்கே வருகிறது என்று பிடிக்கப் பழக வேண்டும். பத்து வருடம் வர்ணமும் கீர்த்தனையும் பாடிய பிள்ளை அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது என்றே வையுங்கள். மகளுக்கே அந்த மரபில் விருப்பம் இருந்தால் அது நல்ல தெரிவு. வீடு கிட்ட என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம்.

கர்நாடக சங்கீதத்தையே தமிழில் தொடர்வதற்கு அரச பல்கலைக்கழகங்களில் இரண்டு இடங்கள் உள்ளன. ஒன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ், காங்கேசன்துறை வீதியில் மருதனார்மடத்தில் உள்ள இராமநாதன் கலைக்கழகம். இப்போது அது ஒரு தனிப் பீடம். மகாராஜபுரம் சந்தானம் அதிபராக இருந்த இடம் அது. மற்றது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கீழ், மட்டக்களப்பு கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம். இரண்டிலும் நான்கு வருடப் பட்டம். எல்லா அரச பல்கலைக்கழகங்களையும் போலப் படிப்புக் கட்டணம் இல்லை. விடுதி, சாப்பாடு, போக்குவரத்து, வாத்தியச் செலவு உங்களுடையது.

தீர்மானிக்க முன்னர் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தைப் பார்க்க அல்ல. இரண்டாம் வருட மாணவர் ஒருவரின் நேரசூசியை வாங்கி, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் செய்முறை, எத்தனை மணித்தியாலம் விரிவுரை என்று கூட்டிப் பாருங்கள். ஒரு வாய்ப்பாட்டு வகுப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள், பயிற்சிக்கு மிருதங்கமும் வயலினும் கிடைக்குமா, அல்லது இறுதிக் கச்சேரிக்கு மட்டும்தானா என்று கேளுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு பயிற்சி அறைகள் திறந்திருக்குமா என்பதையும் கேளுங்கள். விடுதியில் குரல் கொடுத்துப் பாட முடியாது. அறை பூட்டியிருந்தால் பிள்ளை எங்கே போய்ச் சாதகம் பண்ணும்?

தமிழ் மொழிமூலம் படித்த, கர்நாடக சங்கீதத்தில் உறுதியான பிள்ளைக்கு மருதனார்மடம் அல்லது கல்லடி என்பதே எங்கள் விடை. கொழும்பின் பலம் அதன் மேடைகளும் சபைகளும். அவற்றை விடுமுறையில் வந்தும் பயன்படுத்தலாம். சிங்களம் சரளமாகத் தெரிந்து, பியானோ, இசையமைப்பு, ஹிந்துஸ்தானி என்று மனம் போகும் பிள்ளைக்கு மட்டும் அல்பர்ட் கிறசன்ட் முதலிடத்தில் வரும்.

இசட் புள்ளி போதும், ஆனால் உளச்சார்புப் பரீட்சை ஒன்று இருக்கிறதாம். எப்போது, எப்படி விண்ணப்பிப்பது? வாய்ப்பாட்டுக்கு எதைத் தயார்ப்படுத்துவது?
– மாணவி, வத்தளை

இரண்டு விண்ணப்பங்கள் என்பதை முதலில் மனதில் பதியுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு எல்லோரும் அனுப்பும் இணையவழி விண்ணப்பம் ஒன்று. உளச்சார்பு அல்லது செய்முறைப் பரீட்சைக்காக அந்தந்தப் பல்கலைக்கழகம் தனியாகக் கோரும் விண்ணப்பம் மற்றது. அதற்கான அறிவித்தல் பத்திரிகையிலும் பல்கலைக்கழக இணையத்தளத்திலும் வரும். முடிவுத் திகதி வேறாகவே இருக்கும். பிள்ளைகள் தவறவிடுவது இங்கேதான். பரீட்சையில் சித்தியடைந்துவிட்டு, ஆணைக்குழு விண்ணப்பத்தில் அந்தப் பாடநெறியின் குறியீட்டைப் போட மறந்தால் இடம் கிடைக்காது. குறியீட்டைப் போட்டுவிட்டுப் பரீட்சைக்கு விண்ணப்பிக்காமல் விட்டாலும் அதே கதிதான். விருப்ப ஒழுங்கையும் உண்மையான விருப்பப்படியே எழுதுங்கள். “கிடைக்காது” என்று நினைத்து இசையை ஏழாவதாகப் போட்டவர்கள், மேலே எழுதிய வேறொரு பாடநெறிக்குத் தெரிவாகி இசையை இழந்திருக்கிறார்கள்.

பாட்டுக்கு வருவோம். அறிவித்தலில் பாடத்திட்டம் தந்திருந்தால் அதுவே இறுதி. பொதுவாக, ஒரு ஆதிதாள வர்ணம் இரண்டு காலத்திலும் (வேகத்திலும்), வெவ்வேறு மேளத்தில் (தாய் ராகத்தில்) மூன்று நான்கு கீர்த்தனைகளும், அவற்றில் ஒன்றுக்குச் சிறிய ராக ஆலாபனையும் கற்பனை சுரமும் கையில் இருக்க வேண்டும். மாயாமாளவகௌளை 15, கரகரப்பிரியா 22, சங்கராபரணம் 29, கல்யாணி 65 என்று மேள எண்ணும் ஆரோகண அவரோகணமும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

சுருதியில்தான் பலர் வழுக்குகிறார்கள். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்; பெண் குரலுக்கு நாலரைக் கட்டையிலிருந்து ஆறு கட்டைக்குள் பெரும்பாலும் சரிவரும். பிரபல வித்துவாட்டி ஒருவரின் ஒலிப்பதிவைக் கேட்டு அவருடைய சுருதியிலேயே பழகினால், பரீட்சை நாள் காலை எட்டு மணிக்கு, பஸ்ஸில் வந்த களைப்போடு, மேல் ஷட்ஜத்தைத் தாண்ட முடியாமல் நிற்க நேரும். காலையில் எழுந்தவுடன் மந்திர பஞ்சமமும் (கீழ் ‘ப’) தார மத்திமமும் (மேல் ‘ம’) திணறாமல் வரும் சுருதி எதுவோ அதுதான் உங்கள் சுருதி. தேவைப்பட்டால் அரைக் கட்டை இறக்குங்கள். சுருதியைக் குறைத்ததற்காக யாரும் புள்ளி வெட்டுவதில்லை. சுருதி விலகினால் வெட்டுவார்கள்.

பரதநாட்டியச் செய்முறைப் பரீட்சையில் எதைப் பார்ப்பார்கள்? அரங்கேற்றம் முடித்திருக்கிறேன்.
– தெகிவளை வாசகி

அரங்கேற்றம் முடித்திருப்பது நல்லது, ஆனால் அதை வைத்து இடம் தரமாட்டார்கள். முழு உருப்படியைவிட, அதன் அடிப்படை அசைவான அடவைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். தட்டடவு, நாட்டடவு, தாதெய்தெய்தா, குத்தடவு, தீர்மான அடவு என்று எதைக் கேட்டாலும் மூன்று காலத்திலும் ஆட வேண்டும். முதலாம் காலத்தில் அழகாக இருக்கும் அரைமண்டி (முழங்கால் மடித்த பாதி இருப்பு) மூன்றாம் காலத்தில் மெல்ல மெல்ல மேலே எழும்பிவிடும். முழங்கால் பக்கத்துக்கு விரியாமல் முன்னுக்கு வந்துவிடும். கண்ணாடிக்கு முன்னால் ஆடும்போது இது தெரியாது, கண் முகத்தில்தான் நிற்கும். தொலைபேசியை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் வைத்துப் பதிவு செய்து பாருங்கள்.

சொற்கட்டை (அடவுக்குரிய தாளச் சொற்களை) தாளம் போட்டு வாயால் சொல்லவும் கேட்கலாம். ஏழு தாளம், ஐந்து ஜாதி, முப்பத்தைந்தையும் அங்கத்தோடு (லகு, திருதம் என்ற தாள உறுப்புகளோடு) படியுங்கள். ஆதி தாளம் என்பது சதுஸ்ர ஜாதித் திரிபுடை: ஒரு லகு நாலு, இரண்டு திருதம் இரண்டிரண்டு, மொத்தம் எட்டு அட்சரம். சங்கீர்ண ஜாதித் துருவத்துக்கு லகு ஒன்பது; 9, 2, 9, 9 என்று கூட்டினால் 29. கணக்காக மனனம் செய்தவர்கள் கையால் போடச் சொன்னால் விரல் எண்ணிக்கையில் தடுமாறுவார்கள். ஆகவே போட்டே பழகுங்கள்.

இசைத்தட்டு, பென் ட்ரைவ், தொலைபேசி என்பவற்றில் ஏதாவது இரண்டில் பாட்டைக் கொண்டுபோங்கள். சொற்கட்டுச் சொல்லித் தாளம் போடும் நட்டுவாங்கத்துக்கு ஆசிரியரை அழைத்துவர அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கொழும்பில் உள்ளவர்களுக்கு இன்னொரு விஷயம். கொங்கிறீட்டில் ஒட்டிய மாபிள் தரையில் தினமும் தட்டினால் முழந்தாள் எலும்பின் முன்பக்கம் நோகத் தொடங்கும். அந்த நோவோடு ஆடக்கூடாது. மரத்தளம் உள்ள மண்டபத்தைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், வீட்டில் கை, கண், சொற்கட்டு என்று பழகிவிட்டு, முழுத் தட்டை வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பும் வேண்டாம், யாழ்ப்பாணமும் வேண்டாம், சென்னைக்கே அனுப்பலாம் என்று நினைக்கிறோம். பட்டம் இங்கே செல்லுமா?
– ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

பணம் கட்ட முன்னர் இரண்டைப் பிரித்துப் பாருங்கள்: பயிற்சியின் தரம், சான்றிதழின் தரம். 1936 இல் அடையாறில் தொடங்கி, இப்போது திருவான்மியூரில் உள்ள நடன, இசைக் கல்லூரியான கலாக்ஷேத்திராவின் நான்கு வருடப் பயிற்சிக்கு உலகெங்கும் மதிப்பு உண்டு. ஆனால் அது டிப்ளோமா, பட்டம் அல்ல. இங்கே பட்டதாரி நியமனத்துக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வேறுபாடு முன்னுக்கு வரும். சென்னைப் பல்கலைக்கழக இந்திய இசைத் துறை, 2013 இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு இசை, கவின் கலைப் பல்கலைக்கழகம் போன்றவை பட்டம் தருபவை. எதுவானாலும், குறித்த பல்கலைக்கழகமும் குறித்த பட்டமும் இலங்கையில் ஏற்கப்படுமா என்று மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவர்கள் வாயால் சொல்வது போதாது. மாணவர் விசா இல்லாமல், சுற்றுலா விசாவில் போய்ச் சேரவும் வேண்டாம்.

இந்திய கலாசார உறவுகள் பேரவையின் புலமைப்பரிசில்கள் இசைக்கும் நடனத்துக்கும் உண்டு. கொழும்பிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் அறிவித்தல்களைப் பார்த்துவாருங்கள்.

எங்கள் கருத்தைக் கேட்டால், முதல் பட்டத்தை இலங்கையில் இலவசமாக முடித்துவிட்டு, குரலும் உடலும் முதிர்ந்த பிறகு பட்டமேற்படிப்புக்கோ ஒரு குருவிடமோ சென்னைக்குப் போவது நல்லது. பதினெட்டு வயதில் மார்கழிக் கச்சேரிகளைக் கேட்கும் பிள்ளைக்குப் பிரமிப்பு வரும். இருபத்திரண்டில் கேட்டால் எது எப்படிப் பாடப்படுகிறது என்று விளங்கும்.

நாடகமும் அரங்கியலும் படிக்க எங்கே போகலாம்?
– மாணவர், கொழும்பு 13

தமிழில் என்றால் கல்லடியும் யாழ்ப்பாணமும். கல்லடிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: வடமோடி, தென்மோடிக் கூத்து இன்னும் ஊர்க் களரிகளில் ஆடப்படும் மண்ணில் அது இருக்கிறது. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் நேரே ஆட்டமும் தாளக்கட்டும் பழகலாம். புத்தகத்தில் அது வராது. அங்கே போகும்வரை கொழும்பில் இருப்பதை வீணாக்க வேண்டாம். லயனல் வென்ட் அரங்கில் சிங்கள, ஆங்கில நாடகங்களையும், வெள்ளவத்தை தமிழ்ச் சங்கத்திலும் பம்பலப்பிட்டி மண்டபங்களிலும் தமிழ் மேடையையும் தொடர்ந்து பாருங்கள். பார்த்த அன்றிரவே ஒளியமைப்பு, நடிகர் நின்ற இடம், காட்சி மாறிய விதம் மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். நேர்முகத்தில் “அண்மையில் என்ன நாடகம் பார்த்தீர்கள்?” என்று கேட்டால் கதையைச் சொல்லிவிட்டு நிற்பவர்களே அதிகம்.

இசட் புள்ளி போதாமல் போனால்?
– பலர்

தேசிய கல்வியியற் கல்லூரிகளில் அழகியல் பாடங்களுக்கு ஆசிரியர் டிப்ளோமா உண்டு: இரண்டு வருடம் கல்லூரியில், ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி. அதோடு வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளைத் தொடர்ந்து எழுதி ‘கலாவித்தகர்’ வரை போகலாம். அது பட்டத்துக்கு ஈடல்ல, ஆனால் தனியார் வகுப்பு நடத்துவதற்குப் பெற்றோர் நம்பும் சான்று.

மிருதங்கம் படிக்கும் மகன் தொடர்மாடியில் பழகுகிறான். மழை வந்தால் சுருதி இறங்குகிறது, மேல்மாடிக்காரர் சண்டைக்கு வருகிறார். என்ன செய்வது?
– பம்பலப்பிட்டி

ஈரக்காற்றில் தோல் தளர்வது இயல்பு. குளிரூட்டிய அறையில் வைத்து, அப்படியே வெளியே எடுத்தால் இன்னும் மோசம். தடித்த துணி உறையில், தரையில் படாமல், சுவரோடு ஒட்டாமல் வையுங்கள். வாசித்து முடிந்ததும் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ஒட்டிய ரவையை ஈரத்தோடு விடாமல் முழுவதும் வழித்துத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வலந்தலையின் (வலப்பக்கத்தின்) சுருதி இறங்கினால் வார் கோத்த பின்னல் விளிம்பைச் சுற்றிச் சமமாகத் தட்டி ஏற்றுங்கள். ஒரே பக்கத்தில் ஓங்கித் தட்டினால் சாதத்தில் (நடுவிலுள்ள கறுப்புப் பூச்சில்) வெடிப்பு விழும். காலி வீதிக்குக் கடற்பக்கம் உள்ள வீடுகளில் வீணை, வயலின் கம்பிகளும் சீக்கிரம் துருப்பிடிக்கும்; வாசித்தவுடன் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

சத்தத்துக்கு: சொற்கட்டையும் கோர்வைக் கணக்கையும் வாயால், கையால் தாளம் போட்டு அதிகாலையில் பழகட்டும். மிருதங்கத்தை மாலை நாலிலிருந்து ஆறு மணிக்குள் எடுக்கட்டும். அந்த நேரத்தை மேல்மாடிக்காரரிடம் நீங்களே முன்கூட்டிப் போய்ச் சொல்லி, சோதனைக் காலத்தில் பிள்ளைகள் உள்ள வீடாக இருந்தால் அவர்கள் சொல்லும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.