சுங்கான் ஏன் நூர்ந்து நூர்ந்து போகிறது?

பரந்தன் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: வெளிநாட்டிலிருந்து வந்த மாமா ஒரு சுங்கானும் (புகையிலை அடைத்துப் பத்தும் பைப்) ஒரு ரின் புகையிலையும் தந்துவிட்டுப் போனார். பற்றவைத்து நாலு இழுப்பிலேயே நூர்ந்துவிடுகிறது. விடாமல் இழுத்தால் நாக்கு எரிகிறது, தண்டுக்குள் தண்ணீர் கொறகொறக்கிறது. இந்த ரின் முடிந்ததும் இங்கத்தைச் சுருட்டுப் புகையிலையைப் போடலாமா?

சுங்கான் நூர்வது பிழையே இல்லை. நெடுநாள் பத்துகிறவர்களும் ஒரு நிரப்புக்கு இரண்டு மூன்று தரம் குச்சி தட்டுவார்கள். நூரவிடக் கூடாதென்று இடைவிடாமல் இழுப்பதுதான் பிழை. உங்கள் நாக்கு எரிவதும் தண்ணீர் சேர்வதும் அதனால்தான்: வேகமாக இழுக்கத் தணல் சூடேறுகிறது, புகையிலையின் ஈரம் கொதிநீராவியாகி நாக்கில் படுகிறது, மிச்சம் தண்டுக்குள் குளிர்ந்து நீராகிறது.

ஆகவே முதலில் ஈரத்தைப் பாருங்கள். ரின்னில் வரும் புகையிலை, அதுவும் வாசனை சேர்த்தது, பெரும்பாலும் தேவைக்கு மேல் ஈரமாகவே இருக்கும். ஒரு நிரப்புக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, உதிர்த்து, தாளில் பரப்பி நிழலில் வையுங்கள். வெயிலில் வைத்தால் வாசம் போய்விடும். வைகாசி முதல் ஆவணி வரை வன்னியில் அடிக்கிற வறண்ட காற்றுக்குக் கால் மணித்தியாலம் போதும். மாரியில் ஒரு மணித்தியாலம் கடந்தும் காயாத நாள் வரும். விரல்களால் கிள்ளி அழுத்தி விட்டுப் பாருங்கள். கட்டியாகவே நின்றால் இன்னும் ஈரம். மெல்ல மெல்ல விரிந்தால் பதம். நொறுங்கித் தூளானால் காய்ந்தது கூடிவிட்டது, அது கடுஞ்சூட்டில் எரிந்து தீரும். கோடையில் ரின்னைத் திறந்தபடி விட்டால் இதுதான் நடக்கும். மூடி இறுக்கமான கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி வையுங்கள்.

அடுத்தது நிரப்புவது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அநேகமாக எல்லோரும் இறுக்கித்தான் அடைக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உதிர்த்த புகையிலையைக் குழியின் விளிம்புவரை தூவி, பாதி உயரத்துக்கு இறங்கும்படி தொட்டும் தொடாததுமாக அமத்துங்கள். மறுபடி விளிம்புவரை தூவி, முக்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அமத்துங்கள். மூன்றாம் தரம் சற்றுக் குவியலாக வைத்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி உறுதியாக அமத்துங்கள். மேற்பரப்பு விரலுக்கு மெத்தென்று எழும்ப வேண்டும். பற்றவைக்குமுன் வெறுமனே ஒருக்கால் இழுத்துப் பாருங்கள். குழாய் வைத்து இளநீர் உறிஞ்சும் அளவு எதிர்ப்பு இருந்தால் சரி. அதைவிட இறுக்கமென்றால் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். கம்பியால் குத்தித் துளைபோட்டுச் சரிக்கட்டுவது அநேகமாகப் பலன் தராது. எதிர்ப்பே இல்லையென்றால் மேலே ஒரு கிள்ளு சேர்த்து அமத்துங்கள்.

பற்றவைப்பது இரண்டு கட்டம். நெருப்புக்குச்சியின் மருந்து எரிந்து முடிந்தபின் சுவாலையை மேற்பரப்பு முழுவதும் வட்டமாகச் சுற்றிக் காட்டி, மெல்ல நாலைந்து தரம் இழுங்கள். புகையிலை கருகிப் பொங்கி எழும்பும். அதை நூரவிட்டு, தட்டையான ஒன்றால் மெதுவாக அமத்திச் சமப்படுத்துங்கள். தலை அகன்ற 3 அங்குல ஆணியே போதும். பிறகு இரண்டாவது குச்சி. முதற்குச்சியோடு நிறுத்திவிடுவதுதான் நாலு இழுப்பில் நூர்வதற்கு முக்கிய காரணம், ஒரு பக்கம் மட்டும் எரிந்து குழி விழுந்துவிடும்.

அதன்பின் நிமிடத்துக்கு இரண்டு மூன்று சிறு இழுப்புக்கு மேல் வேண்டாம், புகையை உள்ளே விழுங்கவும் வேண்டாம். சாம்பல் தளர்ந்தால் ஆணியின் பாரத்தால் மட்டும் அமத்துங்கள். சுங்கானின் வெளிப்புறத்தைக் கையில் பிடிக்க முடியாத சூடு வந்தால் கீழே வைத்துவிடுங்கள், நூர்ந்தால் நூரட்டும். சோளகம் வீசுகிற நேரம் வெட்டைவெளியில் பத்தாதீர்கள். நீங்கள் இழுக்காமலே காற்று தணலை ஊதிவிடும், குழிச்சுவரே கருகக்கூடும்.

கொறகொறப்புக் கேட்டால் பஞ்சுச் சுற்றுள்ள துப்புரவுக் கம்பியை வாய்முனைக்குள்ளால் குழிவரை விட்டு ஈரத்தை ஒற்றி எடுங்கள். சூட்டோடு வாய்முனையைக் கழற்ற வேண்டாம். பொருத்து தளர்ந்துவிடும், முறியவும் கூடும். முடிந்தபின் மரத்திலோ கல்லிலோ தட்டாமல் கிளறிக் கொட்டுங்கள். கோடையில் காய்ந்த புல்லும் வைக்கோலும் கிடுகும் பக்கத்திலிருக்கும். தணல் தண்ணீரில் விழட்டும். சுங்கானுக்கு ஒருநாள் ஓய்வு கொடுங்கள், மரம் உலர வேண்டும். புதுச் சுங்கானென்றால் முதற் சில தரம் பாதிக்குழி மட்டும் நிரப்புங்கள். உட்சுவரில் படியும் கரிப்படை மரத்தைக் காக்கும். ஒரு மில்லிமீற்றருக்கு மேல் தடித்தால் மட்டும் சுரண்டுங்கள். விட்டால் சூட்டில் விரிந்து குழியைப் பிளக்கும்.

சுருட்டுப் புகையிலையைப் பற்றி: போட வேண்டாம். அது நிக்கொட்டின் கூடிய, காரமான இலை. அதன் புகையை விழுங்காவிட்டாலும் வாய்த்தோலே நிக்கொட்டினை இழுத்துக்கொள்ளும். கோடா என்ற இனிப்புச் சாறு போட்டதென்றால் ஈரமும் இனிப்பும் சேர்ந்து நாக்கை இன்னும் வாட்டும். ரின் புகையிலையும் பாதுகாப்பானதல்ல. விழுங்காமல் பத்தினாலும் உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய் ஆபத்து உண்டு, பழக்கமும் பிடித்துக்கொள்ளும். இதுவரை புகைக்காதவரென்றால் தொடங்காமல் விடுவதையே சொல்வோம். இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருட்களை விற்கவும் கூடாது. வெறுவயிற்றில் ஒருபோதும் பத்தாதீர்கள். தலைசுற்றி, வியர்த்து, குமட்டினால் அது நிக்கொட்டின் கூடியதன் அறிகுறி: உடனே வைத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் இருந்து தண்ணீர் குடியுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ நெஞ்சு படபடத்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.