ஹேண்ட் பிரேக் சந்தேகங்கள்: மேட்டுப்பாளையம் மெக்கானிக்கின் பதில்கள்

திருப்பூர்: ஊட்டியில் லாட்ஜ் வாசல் இறக்கத்தில் ஆட்டோமேட்டிக் காரை நிறுத்தினேன். காலையில் கியர் லிவர் ‘பி’யை (பார்க்கிங் நிலையை) விட்டு வரவே இல்லை. பலமாக இழுத்ததும் ‘டொக்’ என்று சத்தம். கியர்பாக்ஸ் போச்சா அண்ணா?

போகவில்லை. ‘பி’யில் போட்டால் கியர்பாக்ஸுக்குள் விரல் பருமன் இரும்பு நாக்கு ஒன்று பல்சக்கரப் பள்ளத்தில் போய் விழும். நீங்கள் ‘பி’ போட்டு, கால் பிரேக்கை விட்ட பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை இழுத்திருப்பீர்கள். வண்டியின் பாரம் முழுக்க அந்த நாக்கின் மேல் சாய்ந்துவிட்டது. இனி இப்படிச் செய்யுங்கள்: கால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல், ஹேண்ட் பிரேக். பிறகு காலை மெல்லத் தளர்த்துங்கள். வண்டி லேசாக நகர்ந்து ஹேண்ட் பிரேக்கில் உட்காரும். அப்புறம் மறுபடி மிதித்து ‘பி’. கிளம்பும்போது கால் பிரேக்கை மிதித்து, ‘பி’யிலிருந்து எடுத்த பிறகே ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள்.

வேளச்சேரி: மழையில் நின்ற வண்டி. ஊருக்குப் போய்த் திரும்பினால் பின்சக்கரம் சுற்றவில்லை.

பின்சக்கர பிரேக்கின் இரும்புக் கிண்ணமான டிரம்முக்குள் ஈரம் போய்த் துருப்பிடித்து, அதை அழுத்திப் பிடிக்கும் ஷூவின் மேல் உள்ள லைனிங் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் கியர், ரிவர்ஸ் என்று மாற்றி மாற்றி வண்டியை மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்து இழுத்தால் லைனிங் ஷூவை விட்டு உரிந்து வந்துவிடும். அசையாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றித் தட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும். நாள்கணக்கில் நிற்க வேண்டுமென்றால், சமதளத்தில் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுங்கள். ஹேண்ட் பிரேக் வேண்டாம். கிளம்பும்போது கல்லை எடுங்கள்.

மதுரை: ஹேண்ட் பிரேக்கை எத்தனை ‘கிளிக்’ சத்தம் வரை இழுக்கலாம்?

உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். பல கார்களில் 5 முதல் 8. அதைத் தாண்டினால் உடனே கேபிளை இறுக்கச் சொல்லாதீர்கள். முதலில் லைனிங் தேய்மானத்தையும் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரையும் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் இறுக்கினால் ஓடும்போது ஷூ உரசிச் சூடேறும்.

திண்டுக்கல்: ஹேண்ட் பிரேக்கை அதன் பட்டனை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டுமா?

உங்கள் இஷ்டம். அழுத்தாமல் இழுத்துச் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கும் பல் தேய்கிறது என்று பயப்பட வேண்டாம்.

கோவை: மலையில் எந்த கியரில் நிறுத்துவது?

மேலே பார்த்து நின்றால் முதல் கியர், கீழே பார்த்து நின்றால் ரிவர்ஸ். ஹேண்ட் பிரேக்கும் கட்டாயம்.

சேலம்: தப்பு சார். ஏற்றத்தில் முதல் கியரில் நின்று பின்னால் உருண்டால் என்ஜின் தலைகீழாகச் சுற்றும். என்ஜினுக்குள் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் பெல்ட் நழுவும்.

தலைகீழாகச் சுற்றும் என்பது சரி. ஆனால் அந்த அளவுக்கு உருள்கிறது என்றால் ஹேண்ட் பிரேக் ஏற்கெனவே கைவிட்டுவிட்டது. அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். நான் சொன்ன கியருக்குக் காரணம் வேறு. கிளட்ச் மிதிக்காமலே ஸ்டார்ட் ஆகும் வண்டிகள் உண்டு. மறந்து சாவியைத் திருப்பினால் வண்டி ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளல் பள்ளத்தை நோக்கி இல்லாமல் மேட்டை நோக்கி இருக்கட்டும்.

சேலம்: அப்படியென்றால் கியரே வேண்டாமே, கல் போதாதா?

சரி, ஒரு பேச்சுக்கு அப்படியே வைத்துக்கொள்வோம். உங்கள் கல்லை யார் எடுப்பது? கோத்தகிரி ரோட்டில் இருட்டில் வளைவு திரும்பும் பைக் ஓட்டுபவர் கண்ணுக்கு அது தெரியாது. கல் கூடுதல் காவல்தான். நடைபாதை விளிம்பில் ஓரக்கல் இருந்தால் முன்சக்கரத்தையும் திருப்பி விடுங்கள்: ஏற்றத்தில் ரோட்டுப் பக்கம், இறக்கத்தில் ஓரக்கல் பக்கம்.

சேலம்: எங்கள் டிரைவர் வேறு மாதிரிச் சொல்கிறார்...

அவர் ஓட்டும் வண்டியில் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஈரோடு: பத்து நாள் வண்டி எடுக்க மாட்டேன். ஹேண்ட் பிரேக் போடலாமா?

வேளச்சேரிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாமக்கல்: மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போடலாமா?

வேளச்சேரி. கல்லை எடுங்கள்.

கரூர்: ஹேண்ட் பிரேக் லிவரை முழுக்க இறக்கியும் சிவப்பு விளக்கு அணையவில்லை.

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். பல வண்டிகளில் பிரேக் ஆயில் குறைந்தாலும் அதே விளக்குதான் எரியும். வண்டியை எடுக்காதீர்கள். பானெட்டைத் திறந்து ஆயில் டப்பாவில் ‘மின்’ கோட்டைப் பாருங்கள். கீழே இருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது பிரேக் பேடு தேய்ந்திருக்கிறது. வெறுமனே ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.