சரிவு மனையை மட்டமாக்கித்தான் வீடு கட்ட வேண்டுமா?

கேள்வி: குலசேகரம் அருகே பழைய ரப்பர் விளையில் 10 சென்ட் வாங்கியிருக்கிறோம். ரோடு மேல்பக்கம். ரோட்டை ஒட்டி 72 அடி அகலம். பின்னெல்லை வரை 60 அடி நீளத்தில் 9 அடி இறங்குகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் படியில்லாமல் ஒரே தளத்தில் 1,100 சதுர அடி வீடு வைக்க ஆசை. ஜேசிபிக்காரர் இரண்டே நாளில் மட்டமாக்கித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: ஜேசிபியை இப்போதைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மனை முழுவதையும் மட்டமாக்கினால் ரோட்டோரம் நாலரை அடி வெட்ட வேண்டும், பின்னால் நாலரை அடி கொட்ட வேண்டும். வீட்டின் ஒரு பாதி இறுகிய மண்ணிலும் மறுபாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். குமரி மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கொட்டிய மண் நனைந்து அமரும்போது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் கிளம்பும். அதைப் பூசிப் பூசி மறைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வீட்டைச் சரிவுக்குக் குறுக்கே, ரோட்டுக்கு இணையாகப் போடுங்கள். 46 அடி நீளம், 24 அடி அகலம். ரோட்டிலிருந்து 15 அடி விட்டால் முன்சுவர் நிற்கும் இடம் ரோட்டைவிட இரண்டேகால் அடி தாழ்வு. அங்கே ஒன்றரை அடி உயர்த்தித் தரை அமைத்தால், ரோட்டுக்கும் வாசலுக்கும் வித்தியாசம் முக்கால் அடிதான். 15 அடி தூரத்தில் அது தெரியவே தெரியாது; அம்மா ஒரு படிகூட இறங்காமல் உள்ளே போய்விடலாம். ரோடு மேலே இருப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

பின்சுவர்ப் பக்கம் தரை ஐந்தடிக்குச் சற்று மேல் உயர்ந்து நிற்கும். அந்த உயரத்தை மண் போட்டு நிரப்புவதாக இருந்தால் அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடிக்க வேண்டும்; வேலையாட்கள் இதைச் செய்யவே மாட்டார்கள், நீங்கள் கூடவே நிற்க வேண்டியிருக்கும். பின்பாதிக்கு மட்டும் தரையையே கான்கிரீட் தளமாகப் போட்டு, அடியில் விறகும் தேங்காயும் அடுக்கிக்கொள்வதுதான் என் விருப்பம்.

வானம், அதாவது அடித்தளத்துக்கான பள்ளம், தோண்டும்போது அருகில் இருங்கள். அடிமட்டம் சரிவோடு சேர்ந்து சரியக்கூடாது. படிக்கட்டு போல வெட்டி, ஒவ்வொரு படியும் நீர்மட்டக் குழாயில் மட்டம் பார்த்ததாக இருக்க வேண்டும். மேல்படிக் கட்டு கீழ்ப்படியின் மேல் ஏறி அமர வேண்டும். ரப்பர் வேர் மக்கிய கறுப்பு மண் தென்பட்டால், அது முடிந்து கெட்டி மண் வரும்வரை தோண்டச் சொல்லுங்கள். அதற்கு மேலே கருங்கல் கட்டு, சுற்றிலும் கம்பி போட்ட பெல்ட் கான்கிரீட்.

இனித் தண்ணீர். சரிவு வீட்டுக்கு முதல் எதிரி அதுதான். உங்கள் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே சுமார் 1,000 லிட்டர் இறங்கும். ரோட்டுத் தண்ணீரும் வாசலை நோக்கித்தான் வரும். வாசலுக்கு முன்னே குறுக்காக இரும்புக் கம்பி மூடி போட்ட ஒரு வடிகால், அது வீட்டைச் சுற்றிக்கொண்டு பக்க எல்லை வழியாகக் கீழே இறங்க வேண்டும். பின்புறம் பழைய கையாலை (சரிவுக்குக் குறுக்கே எழுப்பிய மண் தடுப்புச்சுவர்) இருந்தால் இடிக்காதீர்கள். சரிவில் மண்ணைப் பிடித்து வைக்க அந்தக் காலத்தவர் கண்ட வழி அது. புதிதாகத் தடுப்புச்சுவர் கட்டினால் அடி அகலம் உயரத்தில் பாதிக்குக் குறையக்கூடாது. ஐந்தடிக்கு ஒரு பிவிசி குழாயைச் சுவரில் பதித்து, அதன் பின்னால் ஜல்லி நிரப்புங்கள். குழாய் இல்லாத சுவர் எவ்வளவு தடித்தாலும் ஒரு அடைமழையில் வயிறு தள்ளிவிடும்.

செப்டிக் டேங்க் கீழ் மூலையில், கிணறு மேல் மூலையில். இடையே 50 அடி. கீழ்வீட்டுக்காரர் கிணறு எங்கே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் வருகிறதா என்று முதலில் விசாரியுங்கள். வந்தால் கட்டட அனுமதிக்கு முன் அந்த ஒப்புதலும் வேண்டும். தை மாதம் வானம் தோண்டினால், இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன் அடித்தளத்தை முடித்துவிடலாம்.