பியோனிக்குக் கோட் போடாதீர்கள்

தம்பி, இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த முதல் வருடமே ஆசையாகப் பியோனி (peony) என்ற பூச்செடியின் கிழங்கு ஒன்றை வாங்கித் தொட்டியில் வைத்தீர்கள். பனி கொட்டத் தொடங்கியதும் மனசு கேட்காமல் அதை ஹீட்டர் ஓடும் அறைக்குள் கொண்டுவந்துவிட்டீர்கள். வசந்தத்தில் நாலு இலை வந்தது, மொட்டு ஒன்றுகூட இல்லை. மண் சரியில்லையா, உரம் போதவில்லையா என்று கேட்கிறீர்கள்.

இரண்டும் இல்லை. செடியின் குளிர்காலத்தை நீங்கள் பறித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். இதில் சிரிக்க எனக்கு அருகதை இல்லை. வந்த புதிதில் நானும் இதையே செய்தேன், அதுவும் இரண்டு வருடம் தொடர்ந்து. குளிர் தெரியாமல் வளர்ந்த நமக்கு, பனியில் நிற்கும் எதைப் பார்த்தாலும் போர்த்திவிடத்தான் தோன்றும்.

பியோனியின் கணக்கு வேறு. கோடை முடிவதற்குள்ளேயே, மண்ணுக்கடியில் இருக்கும் சிவந்த முளைகளுக்குள் அடுத்த வருடப் பூ உருவாகத் தொடங்கிவிடும். இலை பழுத்து உதிர்ந்ததும் செடி உறங்கப் போகும். அந்த உறக்கத்தைக் கலைப்பது வெயில் அல்ல, குளிர்! பூச்சியத்துக்குக் கொஞ்சம் மேலே, ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸுக்குள், ரகத்தைப் பொறுத்து 500 முதல் 1000 மணி நேரம் அது கிடக்க வேண்டும். ஆயிரம் மணி நேரம் என்றால் ஆறு வாரம். அது நிறையாவிட்டால் முளை அரைத்தூக்கத்தில் எழும்பும், இலை வரும், பூ வராது.

டுலிப்பும் ஏறக்குறைய இப்படித்தான். கிழங்குக்குள் பூ உருவாவது கோடையில், 17 முதல் 20 டிகிரி வெப்பத்தில். அதற்குப் பிறகு 12 முதல் 16 வாரம் குளிர் கிடைக்காவிட்டால் காம்பு நீளாமல், பூ இலைக்குள்ளேயே குட்டையாக உட்கார்ந்துகொள்ளும். சாடியில் வைக்க வெட்டவே முடியாது.

அதற்காக எல்லாச் செடிக்கும் குளிர் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய இலை ஹைட்ரேஞ்சியா என்ற பூச்செடி, தண்டின் நுனியில், திறந்த வெளியில் மொட்டைச் சுமந்துகொண்டு குளிர்காலத்தைக் கடக்கிறது. கடும் பனியில் அந்த மொட்டு கருகிவிட்டால் அந்த வருடப் பூ பெரும்பாலும் போச்சு. அதைப் போர்த்துங்கள், தப்பில்லை.

சரி, பியோனிக்கு வேண்டிய குளிரைக் கொடுக்க என்ன செய்வது? தரை கிடைத்தால் இலையுதிர் காலத்தில் தரையில் நட்டுவிடுங்கள். முளை மண்ணுக்குள் 5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகக் கூடாது. ஆழமாக நட்டாலும் பூக்காது. தொட்டிதான் வசதி என்றால், ஹீட்டர் இல்லாத கராஜ் போதும். தூங்கும் செடிக்கு வெளிச்சம் தேவையில்லை, மண் முற்றிலும் காயாமல் இருந்தால் சரி. தொட்டியைத் திறந்த பால்கனியில் விடுவதில் ஒரு சிக்கல் உண்டு: தரையில் இருக்கும் வேரைவிடத் தொட்டி வேர் அதிகம் உறையும்.

குளிர்க் கணக்கு முடிந்த பிறகுதான் எனக்குப் பயமே. அதுவரை நடுவில் வெயில் அடித்தாலும் செடி அசையாது. கணக்கு முடிந்துவிட்டால் நாலு நாள் இளஞ்சூடு போதும், முளை கிளம்பிவிடும். அப்புறம் வரும் ஓர் இரவுப் பனியில் பட்டாணி அளவு மொட்டு கருகிப்போகும். வானிலை அறிக்கையில் பூச்சியத்துக்குக் கீழே என்று பார்த்தால் அந்த ஒரு இரவு மட்டும் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திவிட்டு, காலையில் எடுத்துவிடுங்கள். திடீர் வெப்பமும் தண்ணீர்த் தட்டுப்பாடும் சேர்ந்தாலும் மொட்டு இப்படித்தான் சுருங்கும். ஆகவே மொட்டே வராததும், வந்த மொட்டு காய்ந்துபோவதும் வேறு வேறு நோய். மருந்தும் வேறு.

மொட்டு வளரும் வாரங்களில் பகல் இதமாகவும் இரவு குளிர்ச்சியாகவும் இருந்தால் காம்பு உறுதியாகும், பூ பெரிதாகும். வெயில் ஏறினால் எல்லாம் அவசர அவசரமாக முடியும். பூ சிறுத்து, நிறம் வெளிறும். அந்த மாதிரி நாளில் சாயங்காலம் வெட்டலாம் என்று காத்திருக்காதீர்கள், அதற்குள் விரிந்துவிடும். விடிகாலையில் மொட்டை விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள்: பஞ்சுபோல் அமுங்கினால் வெட்டலாம், கல்லாக இருந்தால் சாடியில் திறக்காது. வெட்டும்போது தண்டில் இரண்டு மூன்று இலையாவது செடியிலேயே விடுங்கள். அடுத்த வருட மொட்டுக்குச் சோறு போடுவது அந்த இலைகள்தான்.

இளம் கிழங்கு என்றால் பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். தூக்கி எறிந்துவிடாதீர்கள்.