பிரிட்டன் விலையில் வரி உள்ளே, கனடா விலையில் வெளியே

சிங்கப்பூரில் இருக்கிறீர்கள், தச்சு மேசைத் துளையில் செருகி மரம் நகராமல் தடுக்கும் பெஞ்ச் டாக் நான்கும், அதே துளையில் அடித்து மரத்தை அழுத்திப் பிடிக்கும் ஹோல்ட்ஃபாஸ்ட் ஒரு ஜோடியும் வேண்டும், பிரிட்டன் கடையில் 120 பவுண்டு, கனடாவில் மலிவு என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். பிரிட்டன் கடை காட்டும் விலைக்குள் 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) அடங்கியிருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அதைக் கழிப்பார்களானால் உங்களுக்கு 100 பவுண்டுதான். கழிப்பார்களா என்று முதலில் கேட்டுவிடுங்கள். கனடாவில் வரி சேர்க்காத விலையைத்தான் போடுவார்கள். அங்கே கழிக்க ஒன்றுமில்லை.

சிங்கப்பூரில் இவற்றுக்குச் சுங்கத் தீர்வை கிடையாது. 9 சதவீத ஜிஎஸ்டி மட்டும். 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) உட்பட்ட பொருளுக்கு, ஜிஎஸ்டிக்குப் பதிவுசெய்த வெளிநாட்டுக் கடை பணம் செலுத்தும்போதே அதை வாங்கிவிடும். ஹோல்ட்ஃபாஸ்ட் இரும்புக் கட்டி. வரியைவிட அஞ்சல் கட்டணம்தான் கையைக் கடிக்கும்.

ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. உங்கள் மேசைத் துளைகள் 20 மில்லிமீட்டர் என்றீர்கள். கனடாச் சாமான் பெரும்பாலும் முக்கால் அங்குலம், அதாவது 19.05. நானும் இப்படி வாங்கி மாட்டிக்கொண்டவன்தான். இழைப்புளியைத் தள்ளும்போதெல்லாம் டாக் ஆடியது. கடைசியில் தண்டில் ஒட்டுநாடா சுற்றினேன், பார்க்கச் சகிக்கவில்லை. டாக்கை 20 மில்லிமீட்டரிலேயே தேடுங்கள். மேசைப் பலகை வெறும் 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை என்றால் ஹோல்ட்ஃபாஸ்ட்டை இப்போது வாங்காதீர்கள். அவ்வளவு மெல்லிய பலகையில் அது சரியாகப் பிடிக்காது.