ஓடி முடித்ததும் பசிக்கவில்லையே, ஏன்?

கேள்வி: தினமும் காலையில் 45 நிமிடம் வேகமாக ஓடுகிறேன். முடித்து ஒரு மணி நேரத்துக்குச் சாப்பாட்டைப் பார்க்கவே பிடிப்பதில்லை. நடக்க மட்டும் போகும் நாட்களில் இப்படி இல்லை. இது கோளாறா? அந்த வேளையை விட்டுவிட்டால் எடை குறையுமா?

பதில்: கோளாறு இல்லை. குடல் ஹார்மோன்கள் செய்கிற வேலை இது.

பசியைக் கிளப்புவது கிரெலின். 28 அமினோ அமிலங்கள் கோத்த பெப்டைடு. பெரும்பாலும் இரைப்பையில் சுரக்கிறது. அதில் ஒரு கொழுப்பு அமிலம் ஒட்டினால்தான் பசியைத் தூண்டும். மூச்சு வாங்க ஓடும்போது, அப்படி ஒட்டிய கிரெலின் ரத்தத்தில் குறைகிறது. அதே நேரம் 'போதும்' என்று சொல்லும் பிஒய்ஒய், ஜிஎல்பி-1 என்ற இரண்டு குடல் ஹார்மோன்களும் கூடுகின்றன. ஓட்டத்தின்போது வயிற்றுக்குப் போக வேண்டிய ரத்தம் தசைகளுக்குத் திரும்புவதும் ஒரு காரணமாக இருக்கலாம். சாதாரண நடையில் இவ்வளவு மாற்றம் வராது.

ஜிஎல்பி-1 என்றதும் எடைக் குறைப்பு ஊசி ஞாபகம் வரும். ஓடினாலே அந்த ஊசி போட்ட மாதிரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடம்பில் இயல்பாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 இரண்டே நிமிடத்தில் பாதியாகிவிடும். அந்த ஊசியில் இருக்கும், ஜிஎல்பி-1 மாதிரி வேலை செய்யும் செமாக்ளூடைடு மருந்து பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

ஓட்டத்தால் வரும் பசியின்மையும் கொஞ்ச நேரம்தான். அதனால் எடை குறையும் என்று நினைத்து வேளையை விடாதீர்கள், தள்ளி வையுங்கள். தண்ணீர் குடித்துவிட்டு, பசி திரும்பியதும் சாப்பிடுங்கள். அதே நாளில் மறுபடி கடினப் பயிற்சி இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். தசையில் செலவான கிளைகோஜன் (சேமித்து வைத்த சர்க்கரை) முதல் சில மணி நேரத்தில்தான் வேகமாக நிரம்பும். மெல்லப் பிடிக்காவிட்டால் குடிக்கிற மாதிரி ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுப்பவர் என்றால் கதையே வேறு. உழைக்கும் தசை இன்சுலின் உதவி இல்லாமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அப்புறம் ஒரு நாள் வரைகூட இன்சுலின் கூடுதலாக வேலை செய்யும். காலையில் ஓடியதற்கு இரவில் சர்க்கரை இறங்கலாம். பசியை நம்பாமல் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

நாள் முழுக்கவே பசி இல்லை, எடை தானாக இறங்குகிறது, பெண்களாக இருந்தால் மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றால், அதை ஓட்டத்தின் கணக்கில் எழுதிவிட்டு இருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள்.